விசுவாசி மகள்

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்பது பெயர்தான், இப்போது அது அச்சடித்த படிவம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அப்பன் பெயர், எந்தச் சபை என்று நிரப்பிக் கொடுத்தால் குருவானவர் பிரசங்கத்துக்கு முன்னால் அதை வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருப்பதாக உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுப்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் எல்லாருக்கும் நினைவு தெரிந்த நாளாக இப்படித்தான்.

இவாஞ்சலினுக்கு முதல் ஓலை வாசித்தபோது அவள் அங்கே இல்லை. ராஜபாளையத்தில், லாரிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஜெப வீட்டில், அம்மா ஜெயக்கொடிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். கை தாளத்தோடு சேரவில்லை. துப்பட்டாவுக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. கிளாட்வின் அனுப்பியிருந்தான்: ‘வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டு.’

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. படிவம் நிரப்பிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஆலயத்தின் சபை ஊழியர் ஐயாதுரை கிளாட்வின் வீட்டில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பொண்ணு எந்தச் சபை?" என்று கேட்டார். பதில் சொன்னது அவள் இல்லை. கிளாட்வினின் அம்மா தங்கபுஷ்பம் முந்திக்கொண்டாள்.

"ஞானஸ்நானம் இங்கதான குடுத்தாவ? தொட்டியில தலைய நனைச்சப்ப நான் நின்னேன். நம்ம சபைன்னு போடும்."

"இப்ப எங்க போயிட்டிருக்காவ?"

"எங்கயும் போவட்டும். நீரு போடும்."

ஐயாதுரை ‘இச்சபையார்’ என்று எழுதினார். இவாஞ்சலின் அந்த எழுத்து காய்வதற்குள் அதைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகத் தான் மிதிக்காத வாசல் அது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளுக்கு எப்போதும் சொல் அந்த நுனியோடு நின்றுவிடும். பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

அவள் வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனியில். வெளுத்த துணி சுருள் சுருளாக மிஷினில் சுற்றி வரும், அதில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து உறையில் போட வேண்டும். கிளாட்வினை அவள் பார்த்ததும் அங்கேதான். சுற்றுகிற மிஷின் நின்றுபோனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து சரி செய்கிற ஃபிட்டர் அவன். அவன் பேசுவான், அவள் கேட்பாள். ஒருநாள் அவள் ஒரு வார்த்தை பதில் சொன்னாள். அதற்குப் பிறகு சரியாக ஓடுகிற மிஷினையும் அவன் திறந்து பார்க்கத் தொடங்கினான்.

திங்கட்கிழமை, எதிரே உட்கார்ந்து உறை ஒட்டுகிற அழகுத்தாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி, ஒரே சுருள நாலு தடவ எண்ணுத. கல்யாணப் பொண்ணுன்னா இப்பிடியா?"

"ஒண்ணுமில்லக்கா."

"எனக்கு ஒரு சந்தேகம். நீ எந்தக் கோயிலு? ஒங்க அம்மா வெள்ளச் சேலக்காரவிய. காதுல கழுத்துல ஒண்ணு கெடையாது. மாப்பிள்ள வீட்ல கல்லுத் தோடு, மோதிரம் எல்லாம் போடுதாவ. ரெண்டும் ஏசுதான?"

"ரெண்டும் ஏசுதான்க்கா. அம்மா விசுவாசி. அவிய சபையார்."

"அப்ப நீ?"

இவாஞ்சலின் சுருளை எடுத்து உறைக்குள் தள்ளினாள். உறை கிழிந்தது.

"எங்களுக்குன்னா ‘இன்ன கோயிலுக்கு வரி குடுக்கிற தலைக்கட்டு’ன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிருவோம்" என்றாள் அழகுத்தாய். "நீ என்னட்டி, அஞ்சு நிமிசமா முழிக்க?"

அதற்கு அவள் என்ன சொல்வாள்? ஜெப வீட்டில் விசுவாசி என்றால் சும்மா நம்புகிற ஆள் என்று அர்த்தமில்லை. வெள்ளைச் சேலையோடு முழுக்குத் தொட்டியில் இறங்கி, எல்லாருக்கும் முன்னால் மைக் பிடித்து, தான் எப்படி இருந்தேன், கர்த்தர் என்ன செய்தார் என்று சாட்சி சொல்லி, நகையைக் கழற்றிக் கொடுத்த ஆள்தான் விசுவாசி. ‘அந்தத் தெருவுல நாலு விசுவாசி வீடு இருக்கு’ என்பார்கள். ‘பொண்ணு விசுவாசியா?’ என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் படிப்பைக் கேட்பார்கள். இவாஞ்சலினின் காதில் தோடு இல்லை. ஆனால் தொட்டியில் இறங்கவும் இல்லை. ஈரச் சேலை உடம்போடு ஒட்ட, அத்தனை கண்ணுக்கும் முன்னால் நின்று பேச வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். ஒரு வருஷம் காய்ச்சல் என்றாள். ஒரு வருஷம் கம்பெனியில் லீவு இல்லை என்றாள். அப்புறம் அவளைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களிடம் பாஸ்டரம்மா பிரியமாகத்தான் அவளை அறிமுகம் செய்வாள்: "இது விசுவாசி மக."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தாருக்குச் சபையார் என்றால் வேறு. அங்கே பிறந்து, அங்கே பெயர் வைத்து, ரிஜிஸ்டரில் ஏறின ஆள். நீ நம்புகிறாயா என்று யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்க மாட்டார்கள். இவாஞ்சலினின் அப்பா சின்னத்துரை கடைசி வரைக்கும் அங்கே சபையார்தான். வருஷத்துக்கு ஒரு தரம் கிறிஸ்மஸுக்குப் போவார், அதுவும் சாராய வாடையோடு. அவர் இறந்தபோது பெரிய மாலை ஒன்று வந்தது. குறுக்கே ஊதா ரிப்பனில் ‘சபையார்’ என்று எழுதியிருந்தது. அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஜெயக்கொடி மூன்று மாதம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ராஜபாளையத்து ஜெப வீட்டுப் பெண்கள்தான் தினம் ஒருத்தியாக வந்து, கஞ்சி வைத்து, தலை வாரி விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். எழுந்து நடந்த முதல் நாளே ஜெயக்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டாள். இவாஞ்சலினுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. ‘இன்னும் ஒண்ணு’ என்று கிளாட்வின் அனுப்பினான். அன்றைக்கு மாலையே போனில் கூப்பிட்டான்.

"இவா, அடுத்த வாரம் நீ வரணும். பொண்ணு தல காட்டலேன்னு ஆளுக பேசுதாவ. ஒங்க அம்மாவையும் கூட்டிட்டு வா."

"அம்மா வர மாட்டா."

"கேட்டுப் பாரு. எங்க அம்மா கெடந்து குதிக்கா. கல்யாணம் முடிஞ்ச புதன்கிழம சாம்பல் புதன். அன்னைக்கிருந்து நாப்பது நாளு கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாவ. ஈஸ்டர் முடியுறதுக்குள்ள நான் போயிருவேன். மஸ்கட் டிக்கெட் இருக்குல்லா?"

அவளுக்குத் தெரியும். மூன்றாம் ஓலை ஞாயிறு, கல்யாணம் திங்கள், அவன் பயணம் பத்து நாள் கழித்து. ஒப்பந்தம் இரண்டு வருஷம். ‘இந்த மாசம் நடக்கலேன்னா பொறவு பாத்துக்கிடலாம்’ என்று தங்கபுஷ்பம் ஒருமுறை சொன்னாள். அந்தப் ‘பொறவு’க்குள் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பது இவாஞ்சலினுக்குத் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டாள். ஜெயக்கொடி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பாமலே பேசினாள்.

"நான் ஒன்னத் தடுத்தேனா?"

"இல்ல."

"பாஸ்டர் என்ன சொன்னாரு? விசுவாசி வீட்டுப் பிள்ளைய வெளிய குடுக்கப்பிடாது, இந்தக் கல்யாணத்துக்கு நான் ஜெபிக்க மாட்டேன்னாரு. நான் ஒத்த வார்த்த எதுத்துப் பேசல. ஒங்கிட்டயும் வேண்டாம்னு சொல்லல. பொறவு என்ன?"

"ஒரு நா மட்டும் வாம்மா. ஓலையக் கேட்டுட்டு வந்துருவோம். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

ஜெயக்கொடி அடுப்பைக் குறைத்தாள். அந்த ‘பயமா இருக்கு’தான் அவளைத் திருப்பியது.

"சரி. வாரேன்."

மூன்றாம் ஞாயிறு காலையில் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி அடித்துவிட்டது. ஆலயத்துக்குள் பெண்கள் பக்கம் பட்டும் மல்லிகையுமாக நிறைந்திருந்தது. நடுவே ஜெயக்கொடியின் வெள்ளைச் சேலை தனியாகத் தெரிந்தது. "சின்னத்துரை பொஞ்சாதில்லா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "இப்பம் விசுவாசியாமே" என்று இன்னொரு குரல், அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னது. ஜெயக்கொடி காதில் விழாதது மாதிரி நேராகப் பார்த்தாள். முன் வரிசையில் தங்கபுஷ்பம் திரும்பி, வந்துவிட்டாயா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஆண்கள் பக்கம் கிளாட்வின் புதுச் சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்தான்.

குருவானவர் சின்ன வயதுக்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படிவத்தை எடுத்தார்.

"இச்சபையைச் சேர்ந்த கிளாட்வினுக்கும், இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற சின்னத்துரை அவர்களின் மகள் இச்சபையார் இவாஞ்சலினுக்கும்..."

இவாஞ்சலினுக்குப் பக்கத்தில் அம்மாவின் உடம்பு விறைத்தது. சேலை முந்தி உரசிக்கொண்டிருந்த கை விலகியது. இவாஞ்சலின் தரையைப் பார்த்தாள்.

"...நடக்கவிருக்கும் திருமணத்துக்கு நியாயமான தடை உண்டென்று உங்களில் எவரேனும் அறிந்திருந்தால் இப்போது தெரியப்படுத்த வேண்டும். இது மூன்றாம் முறை."

ஒரு மூச்சு விடும் நேரம்.

ஜெப வீட்டில் முன்னால் நிற்கிறவர் ஒரு கேள்வி கேட்டால் பாயில் இருக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். ‘யாருக்காவது சாட்சி இருக்கா?’ என்று பாஸ்டர் கேட்ட மறு நொடி நாலு பேர் எழுந்துவிடுவார்கள். எழவில்லை என்றால் அவர் வருத்தப்படுவார். பதினோரு வருஷம் ஜெயக்கொடி அப்படித்தான் எழுந்திருக்கிறாள். அன்றும் கேள்வி கேட்டார்கள், அவளுக்குப் பதில் தெரியும். எழுந்துவிட்டாள்.

"ஸ்தோத்திரம் ஐயா. ஒரு காரியம் தப்பா வாசிக்கீங்க."

ஆலயம் முழுக்கத் திரும்பியது. சுவரில் ஓடுகிற ஃபேன் சத்தம் கேட்டது.

"எம் மக இச்சபையார் இல்ல. பதினோரு வருசமா இந்த வாசல மிதிக்கல. அவ விசுவாசியும் இல்ல. உள்ளத உள்ளபடி வாசிங்க. கர்த்தர் சந்நிதியில பொய் வேண்டாம்." சொல்லிவிட்டு, சாட்சி முடித்தவள் மாதிரி, நிம்மதியாக உட்கார்ந்தாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து ஆண்கள் பக்கம் போய்த் திரும்பி வந்தது. குருவானவரின் கையில் பேனா இருந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் மூன்றாம் முறை என்று குறிக்க வேண்டிய பேனா. அவர் அதை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஆராதனை முடிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் என்னை வந்து பாருங்கள்" என்றார்.

"என்னம்மா செஞ்சே?" என்று இவாஞ்சலின் உதடு அசையாமல் கேட்டாள்.

"கேட்டாருல்லா. சொன்னேன்."

"அது யாரும் சொல்லுறதுக்குக் கேக்குறது இல்லம்மா. சொன்னா கல்யாணம் நின்னுரும்."

ஜெயக்கொடி மகளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த நிம்மதி மெல்ல வடிந்தது. "நான் அந்த ஒரு சொல்லத்தான மாத்தச் சொன்னேன்" என்றாள். பிரசங்கம் முடியும் வரைக்கும் அதையே இரண்டு தரம் சொன்னாள்.

ஆலயத்துக்குப் பக்கத்து அறையில் தங்கபுஷ்பம் நின்றுகொண்டே பேசினாள். "பிடிக்கலேன்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? மூணாம் ஓலை வரைக்கும் வரவிட்டு, பட்டுச் சேலைக்கு மடிப்புக்கூட எடுத்து வச்ச பொறவு, ஊரே இருக்கையில எந்திரிச்சு நிக்கணுமா? எங்க மாமியா காலத்துலேருந்து இந்தக் கோயில்ல ஒரு சனம் எந்திரிச்சதில்ல."

"எம்மா, செத்த நேரம் சும்மா இரு" என்றான் கிளாட்வின்.

"நீ சும்மா இருல. ஐயாதுரையண்ணே, நீரு சொல்லும். ஞானஸ்நானம் இங்கதான?"

ஐயாதுரை பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டித் திறந்து வைத்திருந்தார். "இங்கதான். இருக்கு. பெரிசான பொறவு தலையில கை வச்சுத் திடப்படுத்துறதுதான் நடக்கல. அது பேராயர் வரும்போது பாத்துக்கிடலாம். ஓலைக்கு இது போதும்."

குருவானவர் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. இவாஞ்சலினைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அம்மா சொன்னது உண்மையா? நீங்க எந்தச் சபை?"

அறையில் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ‘இந்தச் சபை’ என்று சொல்லிவிட்டால் போதும். பேனா வெளியே வரும், நாளைக்குக் கல்யாணம். அம்மா ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆவாள், அவ்வளவுதான். கிளாட்வின் கண்ணாலேயே கெஞ்சினான். அவளுக்கு உள்ளங்கை நனைந்தது. நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. தள்ளினால் விழுந்துவிடும்.

"அம்மா சொன்னது நெசம் ஐயா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அதுல எழுதுறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். தப்பு எம்மேல."

தங்கபுஷ்பம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "முடிஞ்சுது போ."

"முடியல" என்றார் குருவானவர். மேசையை விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "தடைன்னு ஒருத்தர் சொன்ன பொறவு நான் விசாரிக்காமக் குறிக்க முடியாது. இவங்க வேற ஒரு கூட்டத்துக்குப் போறவங்கன்னா, அந்தக் கூட்டத்துக்குத் தடை இல்லைன்னு ஒரு கடிதம் வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆராதனை இருக்கு. அதுக்குள்ள கடிதம் வந்தா, சரியான வார்த்தையைப் போட்டு மூணாம் முறை வாசிக்கிறேன். வரலைன்னா ஈஸ்டருக்குப் பொறவுதான்."

"அந்தப் பாஸ்டர் குடுக்கவா செய்வாரு? ஜெபிக்கவே மாட்டேன்னவரு" என்றாள் தங்கபுஷ்பம்.

வாசலில் கிளாட்வின் பைக் சாவியை எடுத்தான். இவாஞ்சலின் வேண்டாம் என்று தலையசைத்தாள். "நீங்க வந்தா எழுத மாட்டாவ. நாங்க போறோம்."

ராஜபாளையம் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. இருந்தும் இவாஞ்சலின் நின்றுகொண்டே வந்தாள். ஜன்னல் வழியாக வயலும் மில்லும் மாறி மாறி ஓடின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறங்கி முடிக்கும் வரைக்கும் அவள் மணியைப் பார்த்தாள். ஜெயக்கொடி மடியில் வேதாகமப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பாஸ்டர்ட்ட என்னன்னு கேக்கப் போறோம்?" என்றாள் திடீரென்று.

"நான் அவிய சபை விசுவாசி இல்லன்னு எழுதிக் குடுக்கக் கேக்கணும். அது இருந்தா என் கல்யாணத்துல அவியளுக்குப் பேச்சு இல்ல."

ஜெயக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும், கைக்குட்டை நனைய நனைய, அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எம் மக விசுவாசி ஆகணும். இப்போது அது இல்லை என்று தன் வாயால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பாஸ்டர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "சிஸ்டர், நீங்க எழும்பி நின்னீங்களா? அத்தனை பேர் முன்னாலயா? இதுதான் சாட்சி!" என்றார். கடிதம் என்றதும் முகம் சுருங்கியது.

"நம்ம சபையே இந்தப் பிள்ளைக்காக வயித்தக் காயப்போட்டு ஜெபிச்சிருக்கு. இப்ப இவ விசுவாசி இல்லன்னு என் கையால எழுதச் சொல்றீங்க. எழுதினா அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நாம தோத்துட்டோம்னு அர்த்தம்."

இவாஞ்சலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

பாஸ்டர் குரலைத் தணித்தார். "இப்பிடிச் செய்வோம். அடுத்த ஞாயிறு முழுக்கு இருக்கு. நாலு பேர் எடுக்காங்க. அஞ்சாவதா நீ எறங்கும்மா. மைக் வேண்டாம், சாட்சிகூட வேண்டாம். பொறவு உனக்கு ஒரு விசுவாசி மாப்பிள்ளைய நானே பாக்கேன். ஒங்க அம்மா கண்ணீருக்கு ஒரு பதில் வேண்டாமா?"

ஜெயக்கொடியின் தலை நிமிர்ந்தது. மகளைத்தான் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த ஆசையை இவாஞ்சலின் பார்க்காமல் இருந்திருக்கலாம். மைக் இல்லை, சாட்சி இல்லை. ஒரு முழுக்கு. இத்தனை வருஷமாக அவள் பயந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் நீட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தொட்டி காய்ந்து கிடந்தது, அடியில் இலைச் சருகு.

"பாஸ்டர், பயத்துலதான் இத்தன வருசம் எறங்காம இருந்தேன்னு நெனச்சேன்" என்றாள். "பயம் மட்டும் இல்ல. எனக்கு அந்தச் சொல்லு உள்ள வரல. அம்மாவுக்கு வந்துச்சு. அவிய எந்திரிச்சு நிக்கையில நான் பாத்தேன். எனக்கு அப்பிடி வரல. அம்மாவுக்காக எறங்குனா அதுவும் இன்னைக்கு வாசிச்சது மாதிரிதான். எழுதிக் குடுங்க."

பாஸ்டர் ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் மறுத்துவிடுவாள் என்று நம்பிய பார்வை.

ஜெயக்கொடி மூக்கை முந்தியில் துடைத்தாள். "எழுதுங்க பாஸ்டர்" என்றாள். "கோயில்ல நின்னு நெசத்தச் சொல்லிட்டு இங்க வந்து மாத்திச் சொல்ல முடியாது."

அவர் நீண்ட நேரம் பேனாவைத் தேடினார். பேனா மேசையிலேயேதான் இருந்தது. எழுதத் தொடங்கி நிறுத்தினார். "பேருக்கு முன்னால என்ன போட? சிஸ்டர்னு போட முடியாது."

"விசுவாசி ஜெயக்கொடி மகன்னு போடுங்க" என்றாள் ஜெயக்கொடி. "அது இருக்குல்லா? அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்லா?"

அவர் எழுதியது நாலு வரி. எங்கள் விசுவாசி ஜெயக்கொடியின் மகள் இவாஞ்சலின் எங்களோடு ஆராதனைக்கு வந்துபோகிறவர். அவர் எங்கள் விசுவாசி அல்ல. அவருடைய திருமணத்தில் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கர்த்தர் அவரை நடத்துவாராக. கடைசி வரியை எழுதுமுன் கொஞ்சம் தயங்கினார், பிறகு எழுதினார். பாஸ்டரம்மா உள்ளே இருந்து வந்து இவாஞ்சலினின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

திரும்பி வரும் பஸ் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கொட்டுக்காரர்கள் நடுரோட்டில் நின்று அடித்தார்கள். இவாஞ்சலின் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்தரை ஆகி, ஐந்தே முக்கால் ஆயிற்று. ஜெயக்கொடி கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். எதற்காக ஜெபிக்கிறாள் என்று கேட்க இவாஞ்சலினுக்குத் துணிச்சல் இல்லை.

அவர்கள் ஓடி வந்து ஆலயப் படி ஏறியபோது முதல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஐயாதுரை வாசலிலேயே நின்றிருந்தார். கடிதத்தை வாங்கி நடந்தபடியே படித்து, முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தார். மாலை ஆராதனைக்கு வழக்கமாக இருபது பேர்கூட வர மாட்டார்கள். அன்றைக்குக் காலையில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தங்கபுஷ்பம் முன் வரிசையில் தன் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தாள். இவாஞ்சலின் கடைசிப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்தாள்.

குருவானவர் ‘இச்சபையார்’ என்பதை அடித்து, அதன் மேல் எழுதியதைப் பார்த்து வாசித்தார். "இவ்வாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவரும், ராஜபாளையத்தில் தம் தாயாருடன் ஆராதித்து வருபவரும், காலஞ்சென்ற சின்னத்துரை, ஜெயக்கொடி ஆகியோரின் மகளுமாகிய இவாஞ்சலினுக்கும்..."

நீளமாக இருந்தது. யாருக்கும் பழக்கமில்லாத நீளம். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கேள்விக்கு வந்தார். கேட்டார். பொறுத்தார்.

எல்லாத் தலையும் கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பியது. இவாஞ்சலின் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதில் துடிப்பு தெரிந்தது. ஜெயக்கொடி தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நேரம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. குருவானவர் பேனாவைத் திறந்து குறித்தார். "இது மூன்றாம் முறை."

அடுத்த பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது ஜெயக்கொடி பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"ஏழர மணிக்கு அங்க ஜெபம் இருக்கு. இப்ப பஸ்ஸப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். இன்னைக்குப் போகலேன்னா நம்மளப் பத்தி வேற மாதிரிப் பேசிருவாவ." பிறகு குரலை இறக்கினாள். "நீ இரி. மாமியாக்காரி எடம் போட்டு வச்சிருக்கா. பேசிட்டு வா. கிளாட்வின் கொண்டாந்து விட்ருவான்."

"நாளைக்கு உள்ள வந்து உக்காருவியா?"

"வராம? எம் மக கல்யாணம்." வாசலில் ஜெயக்கொடி செருப்பை மாட்டினாள். "அந்த ஐயா திரும்பவும் கேப்பாரா, யாருக்காவது தெரியுமான்னு?"

"கேப்பாரு. தாலி கட்டுறதுக்கு முன்னால ஒரு தடவ கேப்பாரு."

"அப்ப நீ என் கையப் பிடிச்சிக்கிட முடியாதே." சொல்லும்போது உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "சரி, சொல்ல ஒண்ணுமில்ல. எல்லாம் வாசிச்சாச்சு."

அவள் படியிறங்கிப் போனாள். வெள்ளைச் சேலை வெளி கேட் வரைக்கும் தெரிந்தது, அப்புறம் ரோட்டு விளக்கில் ஒருமுறை தெரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தரமாக அம்மா ஜெபத்துக்குத் தனியாகப் போகிறாள். இவாஞ்சலின் ஓடிப் போய்க் கூடவே பஸ் ஏறிவிடலாமா என்று ஒரு காலை வெளியே வைத்தாள். உள்ளே பாட்டு மூன்றாம் சரணத்துக்குப் போய்விட்டது. அது என்ன பாட்டு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாசலை ஒட்டிய பெஞ்சில் இருந்த பெண் திரும்பி, இவளிடம் புத்தகம் இல்லாததைப் பார்த்து, தன்னுடையதை இருவருக்கும் நடுவே சாய்த்துப் பிடித்தாள். இவாஞ்சலின் காலை உள்ளே எடுத்தாள். வரியைத் தேடிக் கண்டுபிடித்து, சத்தம் வராமல் பாடத் தொடங்கினாள்.